ஓடைக் கல்லும் ஊர்ப் பெயரும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்து ஓய்ந்ததும், நம் ஊர்களில் முதியோரும் சிறுவரும் ஒருங்கே புறப்பட்டுச் செல்லும் இடம் ஒன்று உண்டு. ஏரி எவ்வளவு நிரம்பிற்று, ஓடையில் எவ்வளவு நீர் போகிறது என்று பார்த்துவரச் செல்வார்கள். பெரியோர் நீரைப் பார்ப்பார்கள்; பிள்ளைகள் நீர் விட்டுச் சென்ற பொருள்களைப் பார்ப்பார்கள். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அப்பிள்ளைகளின் காற்சட்டைப் பைகள் கனத்துத் திரும்புவதுண்டு. சங்கு போல் சுருண்ட கல், சிப்பியின் வரிகள் மாறாத கல், துப்பாக்கிக் குண்டு போல் ஒரு முனை கூர்த்த கல் என்று திண்ணையில் கொட்டுவார்கள். "எங்கிருந்தடா இந்தக் குப்பையை அள்ளி வந்தாய்?" என்று அன்னை கடிந்துகொள்ள, அவை கொல்லைப்புறத்திற்குப் போய்ச் சேரும். இத்திங்கள் அக்கற்களைப் பற்றியும், அவற்றை எறிந்துவிடுவதால் நாம் இழப்பது யாது என்பதைப் பற்றியும் வாசக அன்பர்களுக்குச் சில சொல்ல விழைகிறோம்.

அவை புதைபடிவங்கள். பண்டைக் காலத்து உயிர்கள் சேற்றில் புதையுண்டு, சேறு பாறையாக இறுகியபோது தாமும் கல்லாகி நிலைத்தவை. கடல் கண்ணுக்கெட்டாத அரியலூர்ச் சீமையில் கடற்சிப்பிகள் கிடைப்பானேன் என்று கேட்கலாம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் கடலாக இருந்தது என்பதே விடை. இன்றைய இந்திய நிலப்பரப்பு தென்திசைக் கண்டங்களிலிருந்து பிரிந்து விலகியபோது அதன் கீழைக் கரையோரம் தாழ்ந்தது, கடல் உள்ளே புகுந்தது, பின்வாங்கிற்று, மீண்டும் புகுந்தது. இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்த களிமண்ணும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காய் அங்கே கிடக்கின்றன. ஊட்டத்தூர் அடுக்கு மூத்தது. திருச்சிராப்பள்ளி அடுக்கு அதற்கு இளையது. அரியலூர் அடுக்கு அதனினும் இளையது.

துப்பாக்கிக் குண்டு போன்ற கல்லைப் பெலம்னைட் என்பர். இன்று நம் மீனவர் வலையில் விழும் கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கடினப் பகுதி அது. சுருள் கல் அம்மோனைட் ஆகும். அதுவும் கணவாய்க் குடும்பத்திற்கு உறவானதே; ஆயினும் சுருண்ட ஓட்டினுள் வாழ்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் அம்மோனைட்டும் உண்டு. ஒருவர் தனியே தூக்க இயலாத அம்மோனைட்டும் உண்டு. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்வினம் முற்றிலும் அற்றுப்போயிற்று. நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் எடுத்து இந்து அன்பர்கள் பூசனையில் வைக்கும் சாளக்கிராமக் கற்களுள் பலவும் அம்மோனைட் படிவங்களே.

இனி, மழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் காண்போம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்னும் ஊருக்கும் கொளக்காநத்தத்திற்கும் இடைப்பட்ட நிலத்தைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். பயிரோ மரமோ அதிகமின்றி, செந்நிறமும் சாம்பல் நிறமும் கலந்த களிமண் மேடுகள் எண்ணற்ற பள்ளங்களாய் அரிக்கப்பட்டுக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைப் புவி மரபுத் தலங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. இக்களிமண் வெயிலில் வெடித்து, மழையில் கரைவது. ஒரு பெருமழை பெய்தால் மேட்டின் மேற்பரப்பு சேறாய் வழிந்து ஓடையில் இறங்கிவிடும். களிமண் கரையும், அதனுள் இருந்த படிவம் அதனினும் கடினமானதாதலால் கரையாது. எனவே, சென்ற வாரம் வெறும் மேடாக இருந்த இடத்தில் இந்த வாரம் பெலம்னைட்டுகள் தலைகாட்டி நிற்கும். தோண்டி எடுக்க வேண்டிய வேலையை மழை செய்து முடிக்கிறது.

ஆனால் அதே மழை மற்றொன்றையும் செய்கிறது. வெளிப்பட்ட படிவத்தை அடுத்த மழை உருட்டுகிறது. அதற்கடுத்த மழை ஓடைக்குத் தள்ளுகிறது. ஓடையில் கல்லோடு கல் மோதி அதன் வரிகள் தேய்கின்றன, முனைகள் உடைகின்றன, சில ஆண்டுகளில் அது பெயரற்ற கூழாங்கல்லாகிவிடுகிறது. கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் காப்பாற்றப்பட்டது சில மழைக்காலங்களுக்குள் அழிந்துபோகும். புதைபடிவம் தேடுவோர் மழை ஓய்ந்தவுடன் விரைவதற்கு இதுவே காரணம்.

தேடும் முறையில் அரிய வித்தை ஏதுமில்லை. பொறுமை ஒன்றே போதும். நீர் வடிந்து மண் சற்று இறுகிய பின்னரே செல்லுதல் வேண்டும். காலை இளவெயிலிலும் மாலைச் சாய்வெயிலிலும் சிறு மேடுகளின் நிழல் நீண்டு விழுமாதலால் வரிகளும் சுருள்களும் எளிதில் புலப்படும். ஓடை வளையும் இடங்களில் உட்புறத்துக் கல் திட்டுகளையும், மேட்டுச் சரிவுகளின் அடிவாரத்தையும் பார்க்க வேண்டும். இயற்கை உடைத்த கல்லுக்கு ஒழுங்கு இராது. உயிர் வளர்த்த ஓட்டிற்கு ஒழுங்கு உண்டு. சம இடைவெளியில் ஓடும் வரிகள், ஒரு மையத்தைச் சுற்றும் சுருள், இருபுறமும் ஒத்த வடிவம் ஆகியவற்றைக் கண் தேடட்டும். காரையில் கண்ணாடித் துண்டு போல் மின்னுபவை பெரும்பாலும் ஜிப்சம். நகத்தால் கீறினால் அதில் கோடு விழும். பெலம்னைட்டில் நகக்கீறல் விழாது. இந்த ஒரு சோதனையைச் சிறுவரும் செய்யலாம்.

கல்லை எடுத்தாயிற்று. இங்கேதான் நாம் இத்திங்கள் வலியுறுத்த விரும்பும் செய்தி தொடங்குகிறது. ஓடையில் கிடந்த கல், தான் பிறந்த அடுக்கை விட்டு வந்துவிட்ட கல். அது எந்த மேட்டிலிருந்து, எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் காலமும், அதனோடு வாழ்ந்த பிற உயிர்களும், அன்று அவ்விடம் ஆழ்கடலா கரையோரமா என்பதும் தெரியவரும். அதற்கும் வழி உண்டு. கல்லின் விளிம்புகள் கூராக இருந்தால் அது அருகிலிருந்து வந்தது. மழுங்கி உருண்டிருந்தால் தொலைவிலிருந்து வந்தது. ஓடையின் மேல்நோக்கி நடந்து, அத்தகைய துண்டுகள் எங்கே மிகுகின்றன, எங்கே திடீரென்று அற்றுப்போகின்றன என்று பார்க்க வேண்டும். அவை அற்றுப்போகும் இடத்திற்குச் சற்றுக் கீழே, கரையில் ஏதோ ஓர் அடுக்கில், அவற்றின் பிறப்பிடம் இருக்கும். அவ்வடுக்கைக் கண்டவன், கல்லை மட்டும் கண்டவனைவிட மிகுதியாகக் கண்டவன்.

அடுக்குகளுக்கு இத்தகைய பொருள் உண்டென்று உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் நம் திருச்சபை நன்கு அறிந்த ஒருவரே. டென்மார்க்கில் 1638இல் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ ஒரு மருத்துவ அறிஞர். 1666ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ நகரருகே பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலை, அவர் அறுத்து ஆராயும்பொருட்டு புளோரன்சுக்கு அனுப்பப்பட்டது. அக்காலத்தில் பாறைகளில் கிடைத்த முக்கோணக் கற்களை 'நாக்குக் கற்கள்' என்றும், பாம்பின் நாக்கு கல்லானவை என்றும் மக்கள் நம்பி வந்தனர். சுறாவின் வாயைப் பார்த்த ஸ்டெனோ, அவை சுறாவின் பற்களே என்று தெளிந்தார். அப்படியாயின் பல் எவ்வாறு மலைப்பாறையினுள் சென்றது? இக்கேள்வியைத் தொடர்ந்து சென்று, பாறை அடுக்குகளில் கீழே உள்ளது முன்னர்ப் படிந்தது, மேலே உள்ளது பின்னர்ப் படிந்தது என்னும் விதியை 1669இல் வெளியிட்டார். இன்று நமக்கு மிக எளிதாகத் தோன்றும் இவ்விதியின் மேல்தான் புவியியல் எழுப்பப்பட்டது. கத்தோலிக்க மறையில் சேர்ந்திருந்த ஸ்டெனோ 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். காரைக் களிமண்ணிலும் பண்டைச் சுறாக்களின் பற்கள் கிடைத்துள்ளன என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக் கற்களின் வரலாற்றிலும் இவ்வுண்மை விளங்கும். 1840களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் படிவங்களைச் சேகரித்தனர். அவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் அறிக்கையாக வெளியிட்டார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு இந்நிலத்தை ஆராய்ந்து, முன்சொன்ன மூன்று அடுக்குகளையும் பிரித்துக் காட்டினார். அவருடைய அறிக்கை 1862இல் வெளிவந்தது. சேகரித்த படிவங்களைப் பெரும்பாலும் விவரித்து எழுதியவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. அம்மோனைட், நத்தை, சிப்பி, பவளம் என்று 1873க்குள் அவர் முடித்த நான்கு பெருந்தொகுதிகள் இன்றும் அறிஞர் கைகளில் புழங்குகின்றன. மறு ஆண்டே, யார்க்கண்டு சென்று திரும்பும் வழியில், லடாக்கில் அவர் உயிர் நீத்தார்.

அத்தொகுதிகள் இன்றும் பயன்படுவது ஏன்? ஒவ்வொரு கல்லோடும் ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருந்ததே காரணம். கல்லின் உருவத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆயின் அது எங்கே கிடந்தது என்பதை எடுத்தவர் ஒருவரே அறிவார். அவர் எழுதாவிடில் அவ்வறிவு அவரோடு போய்விடும். அவர்கள் எழுதி வைத்தமையால் நம் ஊர்ப் பெயர்களே உயிரினங்களின் பெயர்களாகவும் ஆயின. அரியலூரின் பெயரைத் தாங்கிய அம்மோனைட் உண்டு. ஊட்டத்தூரின் பெயரால் 'உட்டட்டூரிசெரஸ்' என்று ஓர் அம்மோனைட் பேரினமே வழங்குகிறது. அவ்வூர்களில் பிறந்து வளர்ந்தோருள் இதனை அறிந்தவர் எத்தனை பேர்?

பதிவு செய்தாலும் பாதுகாக்க இயலாமற்போன துயரக் கதையும் நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. அரியலூருக்குக் கிழக்கே கல்லமேடு என்னும் இடத்தில் பேருருவம் படைத்த டைனோசர் ஒன்றின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர்கள் 1987இல் அதற்குப் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். 'பிருகத்காயம்' என்றால் பேருடல். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் இருந்ததாகக் குறிக்கப்பட்டது. அவ்வளவு பெரிதாயின், உலகில் நடமாடிய நிலவிலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்க வேண்டும். ஆனால் களிமண்ணில் கிடந்த அவ்வெலும்புகள் உறுதியற்றவை. காப்பாற்ற முடியாமல் உதிர்ந்து போயின. எஞ்சியவை வரைபடங்களும் புகைப்படங்களுமே. அவை எலும்பே அல்ல, கல்லான மரத்துண்டுகள் என்று ஐயுற்றோரும் உண்டு. நெடுங்காலம் வெளிவராதிருந்த புகைப்படங்கள் 2022இல் வெளியிடப்பட்டபோது எலும்பே என்னும் கருத்து வலுப்பெற்றது. எனினும், கையில் எடுத்து அளந்து பார்க்க இன்று ஒரு துண்டும் இல்லை. உலகம் வியந்து நோக்கியிருக்க வேண்டிய ஒன்றைப் பற்றி அறிஞர்கள் படங்களை வைத்து வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சில படங்களும் எடுக்கப்படாதிருந்தால் வாதிடவும் ஒன்றும் இருந்திராது.

இதற்கு மறுபுறமாக, சாத்தனூர்க் கல்மரத்தைச் சொல்லலாம். 18 மீட்டர் நீளமுள்ள அவ்வடிமரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் நம் நாட்டுப் புவியியலாளர் உலகுக்கு அறிவித்தார். அது கிடந்த இடத்திலேயே வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பெரம்பலூர்ப் பக்கம் செல்லும் குடும்பத்தினர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உள்ளது.

மிகைப்படுத்தலும் ஒருவகை இழப்பே. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று செய்தி காட்டுத்தீ போல் பரவிற்று, மக்கள் திரண்டனர். பார்வையிட்ட அறிஞர்களோ, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் முதலியவற்றைச் சுற்றிப் படிந்து உருண்ட கற்கள் என்று கூறினர். முட்டை இல்லை என்றதும் பலருக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. டைனோசர் வாழ்ந்த காலத்துக் கடலின் சாட்சி கையில் கிடைத்தும், அது முட்டையாக இல்லையே என்று வருந்துவது முறையன்று. பிள்ளைகளுக்கு வியப்பை ஊட்டுவோம். ஆனால் உண்மையான வியப்பையே ஊட்டுவோம்.

ஆகவே, மழைக்குப் பின் ஓடைக்குச் செல்லும் குடும்பங்களுக்குச் சில வழிமுறைகளைச் சொல்லி வைக்கிறோம்.

முதலாவது, உயிர்க்காப்பு. மேற்கே மழை பெய்துகொண்டிருந்தால் ஓடைக்குள் இறங்கலாகாது. இங்கே வெயில் அடிக்கையிலேயே வெள்ளம் வந்து சேரும். நனைந்த களிமண் கரை எவ்வேளையும் சரியும். அதன் அடியில் நிற்பதோ குடைவதோ கூடாது. சுண்ணாம்புக்கல் வெட்டிய பழங்குழிகளில் நீர் தேங்கி ஆழம் தெரியாதிருக்கும். அவற்றின் பக்கம் பிள்ளைகள் செல்லவே கூடாது. சிறுவர் தனியே செல்லாமல் பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும்.

இரண்டாவது, உரிமை. பட்டா நிலமாயின் உடையவரைக் கேட்டே நுழைய வேண்டும். சாத்தனூர், திருவக்கரை போன்று அரசு பாதுகாக்கும் இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கலாகாது. மேட்டைக் கடப்பாரையால் தோண்டுவது வேண்டாம். மழை வெளியே கொண்டுவந்து வைத்ததே நமக்குப் போதும்.

மூன்றாவது, பதிவு. கல்லை எடுக்குமுன் அது கிடந்தவாறே, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். ஊர், ஓடையின் பெயர், எந்தக் கரை, அருகிலுள்ள பாலமோ கோவிலோ கிணறோ எவ்வளவு தொலைவு, நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துப் பழந்துணியில் பொதிய வேண்டும். வீட்டில் கல்லின் அடிப்பக்கம் எண் எழுதி, அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதலாம். எலுமிச்சைச் சாறோ அமிலமோ விட்டுத் தேய்க்க வேண்டாம். சுண்ணாம்பால் ஆன படிவம் கரைந்துபோகும். தூரிகையும் நீருமே போதும்.

நான்காவது, விட்டுவைத்தல். ஓரிடத்தில் பத்துப் பெலம்னைட் கிடந்தால் ஒன்றை எடுத்து ஒன்பதை விடுக. எலும்பு போலவோ பல் போலவோ தோன்றுவது கரையில் புதைந்திருந்தால் அதனைப் பிடுங்கவே கூடாது. படம் எடுத்து, இடத்தை எழுதி, அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ அருங்காட்சியகத்திற்கோ புவியியல் ஆய்வுத் துறைக்கோ அறிவியுங்கள். விலை பேசி வருவோரிடம் விற்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேலான செயல். விற்ற கல் ஒருவர் அலமாரியில் அழகாக இருக்கும். அது எங்கே கிடந்தது என்பது அன்றோடு மறைந்துபோகும்.

இவ்வளவும் படித்த ஒரு சிலருக்கே உரிய வேலை என்று கருத வேண்டாம். அயலூர் அறிஞர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவார். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஓடையைப் பார்க்கிறவர்கள் ஆடு மேய்க்கும் முதியவரும், மாட்டைத் தேடிச் செல்லும் சிறுவனும், சுண்ணாம்புச் சுரங்கத்தில் கூலி வேலை செய்யும் தொழிலாளருமே. அரியலூரின் சுண்ணாம்புக்கல் பல இடங்களில் பண்டைச் சிப்பிகளின் குவியலே ஆகும். அது ஆலைகளில் சிமெண்டாகி நம் வீட்டுச் சுவர்களாய் நிற்கிறது. வீடு வேண்டியதுதான், கல் வெட்டுவதை எவரும் தடுக்க இயலாது. ஆனால் வெட்டப்படுமுன் ஒரு கண் அதனைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கை அதன் இடத்தை எழுதியிருக்க வேண்டும்.

எனவே அன்னையரே, தந்தையரே, அடுத்த மழை ஓய்ந்து உங்கள் மகனோ மகளோ பை நிறையக் கல்லோடு வந்து நின்றால், "ஏன் எடுத்தாய்?" என்று கேளாதீர்கள். "எங்கே எடுத்தாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிடில், செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தைக் காட்டச் சொல்லி உடன் செல்லுங்கள். சீட்டும் பென்சிலும் எடுத்துச் செல்ல மறவாதீர்கள்.